தைல நோட்டீசில் என் பெயர்

ஜூலை 3, 1935. புதன்.
காலை முதல் சாரல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. ஆறாம் பாரம் கமர்ஷியல் வகுப்பில் ஒன்பது பேர். ஒருவனுக்குச் சளி, வரவில்லை. பாடம்: விளம்பரம் எழுதுதல். கரும்பலகையில் போட்டது:
1. யாருக்கு விற்கிறோம்?
2. அவருக்கு என்ன தேவை?
3. சரக்கில் உள்ளதை மட்டும் சொல்.
மூன்றாவதன் கீழ் இரண்டு கோடு. பயிற்சி: குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களுக்குக் குளியல் எண்ணெய் விற்க ஒரு நோட்டீஸ். ஏழு பேர் ‘அதிசய’, ‘அபூர்வ’ என்று அளந்திருந்தார்கள். ஆய்க்குடி வேலாயுதம் மட்டும்: ‘அருவிக்குப் போகுமுன் தேய்த்துக்கொள்ள நல்ல எண்ணெய். வாசனை உண்டு. முடி வளரும் என்று நாங்கள் சொல்லவில்லை.’ வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனுக்கே முதல் மார்க்கு.

ஜூலை 5. வெள்ளி.
செக்ரட்டரி கூப்பிட்டனுப்பினார். பள்ளி நிர்வாகம் அவர் கையில். கடைவீதி எண்ணெய் மண்டியும் அவருடையதே. புதிதாகக் கூந்தல் தைலம் போடுகிறார். குற்றாலத்தில் சீசன் கடை. நோட்டீசில் என் பெயரில் ஒரு நற்சாட்சி வேண்டுமாம்.
“சார்வாள், மூணு வருசமா இதைத்தான் தேய்க்கேன், நரை நின்னுட்டு, முடி அடர்த்தியாச்சுன்னு நாலு வரி. அம்புட்டுதான்.”
“எண்ணெயே இந்த மாசந்தானே வந்திருக்கு அண்ணாச்சி?”
“அதை எவன் கேக்கப் போறான்? கமர்ஷியல் வகுப்பு வேணுமா வேண்டாமான்னு பதினஞ்சாந் தேதி கமிட்டி கூடுது. யோசிச்சுச் சொல்லுங்க.”
யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன். ராத்திரி ரசத்தில் உப்பில்லை. சொல்லவில்லை.

ஜூலை 8. திங்கள்.
கையெழுத்துப் போட்டேன். காரணங்கள்: வகுப்பு. ஒன்பது பிள்ளைகளின் படிப்பு. என் வேலை. (வரிசை தப்பு. வேலைதான் முதல்.)
பெண்சாதி கோமதியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.
“நம்ம வீட்டுல அந்த எண்ணெய் ஒரு சீசாகூட இல்லியே.”
“இனிமே குடுத்தனுப்புவாரு.”
“வந்தா நான் தொட மாட்டேன்.”
அவளுக்குத் தெரிந்தது வாத்தியாருக்குத் தெரியாமல் போயிற்று.

ஜூலை 13. சனி.
நோட்டீஸ் ஊரெங்கும். ரதவீதிச் சுவரில், செங்கோட்டை பஸ்ஸின் பின்னால். என் பெயர் கொட்டை எழுத்தில், தைலத்தின் பெயரைவிடப் பெரிதாக. காப்பிக் கடையில் யாரோ: “ஏலே, வாத்தியாரே சொல்லுதாரு, பொறவு என்ன?” காப்பி குடிக்காமல் திரும்பினேன்.

ஜூலை 15. திங்கள்.
கமிட்டி கூடியது. வகுப்பு நீடிக்கும். சந்தோஷம் வரவில்லை. பையன்கள் யாரும் நோட்டீசைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலாயுதம் மட்டும் எழுந்தான்.
“சார், நற்சாட்சி விளம்பரப் பாடத்துல சேருமா, கடிதப் பாடத்துலயா?”
முகத்தில் கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை. “கடிதம்” என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஜூலை 25. வியாழன்.
இதை எழுதத்தான் வேண்டும்.
மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண்பிள்ளை. சிவகிரிக்காரி. கூடப் பத்து வயது மகள், தலையில் முக்காடு. சீசனுக்குக் குளிக்க வந்த இடத்தில் தைலம் வாங்கியிருக்கிறாள். எழுத்து தெரியாது, கடைக்காரர் என் பெயரைப் படித்துக் காட்டினாராம். முக்காட்டை விலக்கினாள். தலையெல்லாம் கொப்புளம், சில இடத்தில் சீழ். முடியை மழித்திருக்கிறார்கள்.
திட்டப் போகிறாள் என்று நின்றேன். திட்டவில்லை.
“அய்யா, நீங்க மூணு வருசமா தேய்க்கியளாமே. ஒங்களுக்கும் மொதல்ல இப்பிடித்தான் வந்துச்சா? என்ன போட்டு ஆத்துனிய?”
இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கழுவி மருந்து போட்டார். பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று டாக்டர் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஜூலை 26. வெள்ளி.
செக்ரட்டரியிடம் போனேன். கடையை மூடுங்கள் என்றேன்.
“ஊரே தேய்க்கி. ஒருத்திக்கு ஒத்துக்கலேன்னா எண்ணெய் என்ன செய்யும்? நோட்டீசுல கெடக்கது ஒங்க பேரு சார்வாள், என் பேரு இல்ல. பாத்துக்கிடுங்க.”
நேரே வகுப்புக்கு வந்தேன். “அந்தத் தைலத்தை நான் ஒரு நாளும் தேய்த்ததில்லை. எழுதியது பொய். ஒரு பிள்ளை தலை புண்ணாகிவிட்டது. உங்கள் வீட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள்” என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வேலாயுதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

ஆகஸ்ட் 1. வியாழன்.
என்னை வேலையிலிருந்து விலக்கிக் கடிதம். ‘நிதி நெருக்கடியால் கமர்ஷியல் வகுப்பு நிறுத்தப்படுகிறது.’ வேறு காரணம் இல்லை. கோமதி படித்துவிட்டு, “போட்டும்” என்றாள். பிறகு அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
ஆஸ்பத்திரிக்குப் போனேன். புண் ஆறுகிறது. பின்தலையில் ஓரிடத்தில் முடி வராமலே போகலாம் என்றார் டாக்டர். என்னைக் கண்டதும் தாய்க்காரி பிள்ளையின் முக்காட்டை இழுத்து மூடினாள்.

ஆகஸ்ட் 10. சனி.
வேலாயுதம் வந்தான், நனைந்துபோய். உட்காரச் சொன்னேன். நின்றான்.
“செக்ரட்டரி அண்ணாச்சி கடையில வேலைக்குக் கூப்பிடுதாரு சார். நோட்டீசு எழுத, வெளியூருக்குக் காயிதம் போட. வயல்ல ஒண்ணும் இல்ல, ‘போலே’ன்னு எங்க அய்யா சொல்லுதாக. நீங்க வேண்டாம்னா போகல.”
வேண்டாம் என்றால் அவனுக்கு நான் என்ன கொடுப்பேன்? எனக்கே நாளைக்கு என்ன என்று தெரியாது.
“பொய் எழுதச் சொன்னா?”
“எழுத மாட்டேன் சார். பொய் இல்லாம எழுதத் தெரியும்லா.”
போ என்றேன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். கால் கூசியது.

ஆகஸ்ட் 17. சனி.
கோமதியின் அண்ணன் வீட்டுக்கு, ராயகிரிக்குப் புறப்பாடு. ட்ரங்குப்பெட்டி இரண்டு, அம்மி ஒன்று. பஸ் சீட்டில் புது நோட்டீஸ் ஒன்று கிடந்தது. அதே தைலம். என் பெயர் இல்லை. யார் பெயருமே இல்லை. ‘அருவிக்குப் புறப்படுமுன் உங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் தேடுவது எது?’ என்று ஆரம்பம். முடி வளரும் என்று எங்கும் சொல்லவில்லை. முழங்கால்வரை கூந்தல் விட்ட ஒரு பெண்ணின் படம் மட்டும். பொய் என்று ஒரு வரியைக்கூடத் தொட்டுக் காட்ட முடியாது. படிக்கிறவள் வாங்கிவிடுவாள். வேலாயுதத்தின் நடை. சந்தேகமே இல்லை.
பென்சிலை எடுத்து எழுத்துப்பிழை தேடினேன், ஊரெல்லை வளைவு வரைக்கும். ஒன்றுகூட இல்லை.