எட்டு மாதத்து முகவரி

மார்ச் 4

பெயிண்டர் ஐயாவுக்கு,

நான் சுகம். நீங்க சுகமான்னு கேட்டா "ம்" என்பீங்க. போனில் என்ன பேசினாலும் அதே "ம்"தான், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். மூணு மாச வேலைன்னு அந்த ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆச்சு. அது என்ன சுவருங்க, பூசப் பூச முடியவே மாட்டேங்குது?

விஷயத்துக்கு வர்றேன். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா அம்மா வர்ற வரைக்கும் பிள்ளைகளை வச்சுக்கிற எங்க மையத்தில் புதுச் சட்டம் வந்திருக்கு. வேலை செய்கிற எல்லாரையும் போலீஸ் மூலமா விசாரிக்கணுமாம். பத்து விரலுக்கும் ரேகை எடுத்தாங்க. பாத்திரம் கழுவிக் கழுவி என் ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சு. மெஷின் என்னை ஒரு ஆளாவே மதிக்கலை. நாலாவது தடவைதான் போனாப் போகுதுன்னு பிடிச்சுது.

விசாரணை முடியும்வரை நான் பிள்ளைகளோட தனியா இருக்கக் கூடாது. நமக்குன்னு ஒண்ணு இல்லைன்னாலும் இங்க எனக்கு நாப்பத்திரெண்டு. அத்தனைக்கும் ஷூ லேஸ் கட்டிவிட்டவளை இப்போ சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னால் டம்ளர் கழுவ விட்டுட்டாங்க. பொடிசுங்க கண்ணாடியில் மூக்கை அழுத்தி வச்சுக்கிட்டுப் பார்க்குதுங்க. நான் நாக்கை நீட்டிக் காட்டுறேன். ஆபீஸ் மேடம் முறைக்கிறாங்க. நல்ல பொண்ணுதான், என் வயசில் பாதி.

சட்டத்தைத் தப்பு சொல்லலை. பெத்தவளா இருந்தா நானும் பல்லைப் பிடிச்சுப் பார்த்துத்தான் ஒருத்தர்கிட்ட பிள்ளையை விடுவேன்.

ஆனா பாருங்க, இருபது வருஷமா எங்கெங்க குடியிருந்தேன்னு மாசம் விடாமல் எழுதணுமாம். எனக்கு வீடெல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது, தேதிதான் நிக்கலை. தேதி மறக்காத ஆள் நீங்கதானே. எழுதி அனுப்புங்க. முப்பத்தொண்ணாம் தேதி கடைசி. தவறினா நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்கூட இல்லை, தெருவில்தான்.

வாயாடி

*

மார்ச் 12

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. தேதிகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே பார்த்து எழுது. நீயாக எதையும் சேர்க்காதே.

முதலாவது, ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த வீடு. வெயில் காலத்தில் அந்தச் சுவர் மட்டும் ஜில்லென்று இருக்கும். நீ அதில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு நிற்க வெகு நேரம் ஆகும்.

இரண்டாவது, படிக்கட்டு குறுகலான வீடு. கட்டில் ஏறாமல் அதை இரண்டாக அறுத்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். நடுவில் ஆடியது. நீ அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்தாய். நான் திரும்பிப் படுத்தால் "துறைமுகம் வந்தாச்சா?" என்பாய்.

மூன்றாவது, ரயில் பாதை ஓரம். ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் நடக்கும்.

நான்காவது இப்போது நீ இருப்பது. அதை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வீட்டுக்கு நாம் இருவரும் சேர்ந்துதான் குடிபோனோம். ஆனால் அதில் ஜூன் முதல் ஜனவரி வரை எட்டு மாதம் நீ இல்லை. அக்கா வீட்டில் இருப்பதாகச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாய். அந்த முகவரியை நீதான் எழுத வேண்டும்.

இங்கே மழை. வேலை மெதுவாக நடக்கிறது.

நான்

*

மார்ச் 20

பெயிண்டர் ஐயாவுக்கு,

கப்பலைப் படிச்சுட்டுச் சிரிச்சேன் பாருங்க, பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டிட்டா. இதெல்லாம் உங்களுக்குள்ள இருக்கா? இருபத்தஞ்சு வருஷமா "ம்"க்கு அடியில் ஒளிச்சு வச்சிருந்தீங்களா?

சிரிச்ச கையோட ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். அந்த எட்டு மாசத்தையும் கப்பல் வீட்டிலேயே இருந்ததா எழுதிக் கொடுத்துட்டேன். பேப்பர் திரும்பி வந்துருச்சு. அந்த வருஷம் விரலில் தையல் ஊசி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனப்போ வேற முகவரி சொல்லியிருக்கேன், அது அவங்க கம்ப்யூட்டரில் இருக்கு. "ஏன்மா மறைச்சீங்க?" என்று மேடம் கேட்கிறா. முறைக்கலை. முறைச்சிருந்தா தேவலாம்.

உங்ககிட்டயும் மறைச்சதுதான். நான் அக்கா வீட்டில் இல்லை. அத்தான் ரொம்ப மரியாதையா வாசலோடு திருப்பி அனுப்பிட்டார்.

சண்டை ஞாபகம் இருக்கும். வேலைக்குப் போன இடத்தில் நீங்க வீடு தெரியாம மாறிப் போய் வேற யாரோ வீட்டுக்கு ரெண்டு ரூம் முழுக்க ரோஸ் கலர் அடிச்சுட்டு வந்ததை, உங்க கூட்டாளிங்க முன்னால் நடிச்சுக் காட்டினேன். எல்லாரும் உருண்டு சிரிச்சாங்க. "இந்த வாயோட இந்த வீட்டில் இருக்காதே" என்றீங்க. நானும் பையை எடுத்துக்கிட்டேன்.

இருந்தது எங்கே தெரியுமா? ரெண்டு தெரு தள்ளி, தையல்கடை மாடியில். துணிமூட்டைகளுக்கு நடுவில் ஒரு பாய். தையல்கார அக்காவுக்குப் பொத்தான் தைச்சுக் கொடுத்தேன். காலையில் ஏழரைக்கு நீங்க ஏணியைத் தோளில் வச்சுக்கிட்டுக் கீழே போவீங்க. வேலைக்குப் போற வழி போலன்னு நினைச்சுக்குவேன். ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்னு பார்ப்பேன். ஒரு நாளாவது தலையைத் தூக்கினீங்களா?

அங்கே நான் இருந்ததை நேரில் பார்த்த ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதுமாம், பழையபடி சேர்த்துக்குவாங்களாம். தையல்கார அக்கா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. கடை இப்போ போன் கடை. நேத்துப் போய் நின்னேன், மாடியைச் சும்மா அண்ணாந்து பார்த்துட்டு வந்தேன். சாட்சிக்கு ஆள் இல்லை.

வேலை போகுது என்பதுகூட இல்லைங்க. நாப்பத்திரெண்டு பிள்ளைகிட்டயும் பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டுப் போகணுமேன்னுதான்.

வாயாடி

*

மார்ச் 25

மையத்தின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவன். உங்களிடம் வேலை செய்யும் பெண்மணி என் மனைவி. விடுபட்ட எட்டு மாதமும் அவர் தையல்கடை மாடியில் வசித்தார் என்பதற்கு நான் நேரடிச் சாட்சி.

ஜூன் மூன்றாம் வாரம் அந்த மாடிக் கொடியில் அவருடைய பச்சைத் துண்டு காய்வதைப் பார்த்தேன். மறுநாள் முதல் ஜனவரி கடைசி வரை, ஞாயிறு தவிர, தினமும் காலை ஏழரைக்கு அந்தத் தெரு வழியாகப் போனேன். என் வேலை அப்போது ஊரின் மறு பக்கம். அது எனக்கு வழியே அல்ல. நிமிர்ந்து பார்த்தால் அவர் உள்ளே போய்விடுவார் என்பதால், எதிர்க் கடையின் கண்ணாடியில் தெரியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

அக்டோபரில் ஆறு நாள் ஜன்னலில் ஆள் இல்லை. கடைக்குள் போய்க் கேட்டேன். விரலில் ஊசி ஏறிக் காய்ச்சல் என்றார் தையல்காரம்மா. மாத்திரை வாங்கிக் கொடுத்து, நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று தினமும் குறித்து வைக்கும் வேலை நோட்டு என்னிடம் உண்டு. அந்த மாதங்களில் அவரை ஜன்னலில் பார்த்த ஒவ்வொரு தேதிக்கு எதிரேயும் "இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்து இத்துடன் இணைத்துள்ளேன். மொத்தம் இருபத்தேழு பக்கம்.

என் மனைவி கேலி அதிகம் பேசுவார். பிள்ளைகளை ஒரு கணமும் கண்ணை விட்டு அகல விடமாட்டார். இரண்டும் உண்மை.

கையெழுத்து

(நகல் உனக்கு.)

*

ஏப்ரல் 9

என்னங்க,

மேடம் உங்க நோட்டை ஒவ்வொரு பக்கமாப் புரட்டினா. பாதியில் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. "இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டா. பெயிண்டர் என்றேன். முத்திரை குத்திட்டா. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பிள்ளைங்க நடுவில் இருக்கேன். என்னைப் பார்த்ததும் ஒரு கும்பல் லேஸை வேணும்னே அவுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு.

அதுக்கு நன்றி. இப்போ திட்டப்போறேன்.

எட்டு மாசம் கீழே நடந்தீங்களே, பதிமூணு படி ஏறக் கூடாதா? நான் திரும்பி வந்து, அப்புறம் பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோமே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லக் கூடாதா? யாரோ ஒரு மேடத்துக்கு எழுத முடியுது, எனக்கு நகலா?

ரெண்டு நாள் இந்தக் கோபத்தோட சுத்தினேன். மூணாம் நாள் பொத்தான் தைச்சுக்கிட்டிருக்கும்போது தோணுச்சு, நானும்தானே ஜன்னலைத் திறந்து கூப்பிடலை. ஊரையே சிரிக்க வச்ச வாய், ஒரு பேர் சொல்லிக் கூப்பிட வராமல் அங்கேயே நின்னுச்சு. அந்த ரோஸ் கலர் கதையை நடிச்சிருக்கக் கூடாது. பதினேழு வருஷம் கழிச்சுச் சொல்றேன், மன்னிச்சுக்குங்க.

நான் எழுதிக் கொடுத்த விசாரணைப் பேப்பரோட கடைசிப் பக்கத்தில் "வீட்டில் உடன் வசிக்கும் பெரியவர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கு. யாரும் இல்லைன்னு போட்டிருந்தேன். யாராவது வந்து தங்கினா பத்து நாளுக்குள் சொல்லணும், அவங்களையும் விசாரிப்போம் என்றா மேடம். அதுக்குத் தனி பேப்பர் உண்டாம். ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.

வீடு மூணாவது மாடி. அழைப்பு மணி கெட்டுப்போச்சு. கதவைத் தட்டுங்க.

உங்கள்
வாயாடி