ஒன்றரை பாத்ரூம்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். இனி டார்ச்சைப் போடலாம். போர்வைக்குள் எழுதுவதால் எழுத்து கோணலாக வருகிறது. யாருக்கும் படிக்க வராமல் போனால் நல்லதுதான்.

இரவு சாப்பிடும்போது அக்கா எம்.பி.ஏ. படிக்கப் போவதாகச் சொன்னாள். இரண்டு வருடமாகப் பார்சல் கம்பெனியின் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். யார் பார்சல் தொலைந்தாலும் திட்டு அவளுக்கு. புதிதாக வந்த மேனேஜர், திட்டு வாங்கும்போது முகம் சிரித்தபடி இருக்க வேண்டும் என்றாராம்.

"அதச் சொல்றதுக்கு ஒரு படிப்பு இருக்குன்னா, அத நானே படிச்சுக்கறேன்" என்றாள்.

அம்மா நிமிரவில்லை. "எத்தனை பாத்ரூம் ஆகும்?"

எங்கள் வீட்டில் பணத்துக்கு அதுதான் அளவு. குளியலறையை இடித்துக் கட்ட அம்மா சேர்த்து வைத்திருக்கும் தொகை ஒரு பாத்ரூம். என் பல் கம்பி அரை பாத்ரூம். நான் சிரிக்கும்போதெல்லாம் அம்மா அந்த அரையைப் பார்த்துக்கொள்வாள்.

அந்தக் குளியலறைக் குழாய் எங்கள் அறைச் சுவருக்குள்தான் ஓடுகிறது. ராத்திரியில் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வரும். பேச்சைத் தொடங்கப் போகிற ஆள் மாதிரி. சின்ன வயதில் அவனுக்குக் குழாய்க்காரன் என்று பெயர் வைத்தேன். ஒன்பதாம் வகுப்பு வந்தும் எனக்குப் பயம் போகவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அவன் செருமினால் அக்கா பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவ்வளவுதான் வைத்தியம்.

அக்கா வெளியூர் போய்விட்டால்?

மார்ச் 6, வியாழன்

மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறதாம். எங்களிடம் சொல்லாமலே பரீட்சை எழுதியிருக்கிறாள். கள்ளி.

முதலாவது, பஸ்ஸில் போய் வரக்கூடிய பக்கத்துக் கல்லூரி. அரை பாத்ரூம். இரண்டாவது, பெரிய பேர் உள்ளது. பேரைச் சொன்னால் மாடிவீட்டுக்காரரே எழுந்து நிற்பார். நான்கு பாத்ரூம், மூன்றுக்குக் கடன் வாங்க வேண்டும். மூன்றாவது, ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய நடுத்தரக் கல்லூரி. ஒன்றரை பாத்ரூம். பாடம் நன்றாக நடத்துவார்களாம். ஆனால் பேர் ஒருவருக்கும் தெரியாது.

"ரெண்டு தடவ சொன்னாலும் எந்த ஊர்னு கேப்பாங்க" என்றாள் அம்மா.

நான் பக்கத்துக் கல்லூரிக்காகப் பேசினேன். "அங்க நிறைய மரம் இருக்குக்கா."

"நான் என்ன குரங்கா?"

அப்பா மூன்று விளம்பரப் புத்தகங்களையும் விரலால் தட்டிப் பார்த்தார். பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. எதையும் தட்டாமல் வீட்டுக்குள் விடமாட்டார். கதவு வாங்கினாலும் சரி, பூசணிக்காய் வாங்கினாலும் சரி.

"அட்டையில எல்லா பிஸ்கட்டும் முழுசாத்தான் இருக்கும்" என்றார். "தட்டுக்கு ஒண்ணு எடுத்து உடைச்சுப் பாக்கணும். ஒவ்வொரு காலேஜ்லயும் படிச்சு முடிச்ச ஆள் ஒண்ணு வேணும். மாதிரிக்கு."

"மனுஷங்கள உடைக்கப் போறீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"டீக்குக் கூப்பிடுவோம். தம்பியோட கடைய எப்படி நிமித்தறதுன்னு கேப்போம். எல்லாருக்கும் ஒரே கேள்வி."

தம்பி என்றால் எங்கள் சித்தப்பா. குடைக்கடை வைத்திருக்கிறார். அதில் வியாபாரம் நடந்து யாரும் பார்த்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முதல் மாதிரி வந்தார். பக்கத்துக் கல்லூரி. அப்பா கணக்கு வைத்திருக்கும் வங்கியில் வேலை. நான்தான் டீ போட்டேன். ஏலக்காய் தட்டிப் போட்டு, நல்ல கப்பில் கொடுத்தேன்.

கல்லூரி எப்படி என்று அப்பா கேட்டார்.

"கேன்டீன் பிரமாதம் சார்."

"படிப்பு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருந்துச்சு சார்."

குடைக்கடைக்கு என்ன செய்யலாம் என்றதும், "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போடுங்க" என்றார்.

"ஒண்ணு வாங்கவே ஆள் இல்ல தம்பி" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா.

போகும்போது அப்பாவை ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அப்பாவுக்கு அது புரிந்தது. அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏலக்காய் வீண்.

மார்ச் 16, ஞாயிறு

பெரிய பேர் வந்தார். தாமதமாக வந்து, சீக்கிரம் கிளம்பினார். மாடிவீட்டுக்காரர் நிஜமாகவே எழுந்து நின்றார்.

"சொல்லிக் குடுக்கறதுன்னு பாத்தா பெருசா ஒண்ணுமில்ல" என்று அவரே சொன்னார். "ஆனா பேருக்காகவே வேலை வீட்டுக்கு வரும்." அது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. மனசுக்குள் பாத்ரூம்களை இடித்துக்கொண்டிருந்தாள்.

குடைக்கடைக்கு அவர் சொன்ன யோசனை: "மூடிட்டு இடத்த வாடகைக்கு விட்டுடுங்க."

சரியான பதில் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது, யாரும் சொல்லவில்லை. சித்தப்பா ராத்திரி சாப்பிடாமல் போய்விட்டார். "நல்லா மொறுமொறுன்னு இருக்கான். வாயக் கிழிக்குது" என்றார் அப்பா.

மார்ச் 22, சனி

நாளை கடைசி மாதிரி. மருத்துவமனையின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மேடம். அக்கா இரண்டு தடவை அவரோடு போனில் பேசிவிட்டாள். பேசிவிட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். புகார் கவுண்டர் முகம் இல்லை அது.

அந்தக் கல்லூரிக்குத்தான் போகப் போகிறாள். ரயிலில் ஒரு ராத்திரி. அம்மா சேர்த்த ஒரு பாத்ரூமும் அதில் போய்விடும். அக்காவும் இல்லை, குழாயும் மாறாது. எனக்கு மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் அடி? நான் யார்கிட்ட போய் சொல்றது — பயமா இருக்குன்னு சொன்னா சிரிப்பாங்க — சுவருக்குள்ள ஆள் இருக்கான்னு சொல்ற வயசா இது?

ஏதாவது செய்யணும்.

மார்ச் 23, ஞாயிறு

செய்துவிட்டேன்.

கிடங்கு மேடத்தின் டீயில் கல்லுப்பு போட்டேன். இரண்டு கரண்டி. கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கப்பைப் பார்த்தார், தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி குடித்தார்.

"பேருக்காகன்னா அங்க சேராதீங்க" என்று அக்காவிடம் சொன்னார். "எங்க படிச்சேன்னு இன்னிக்கும் விளக்கித்தான் சொல்றேன். வேலை கிடைக்க எட்டு மாசம் ஆச்சு. ஆனா அங்க ஒரு சார் வாரா வாரம் எங்கள ஒரு கடைக்கு அனுப்புவார். யோசனை ஒண்ணும் சொல்லாதீங்க, கேட்டுட்டு மட்டும் வாங்கன்னுவார்."

பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். "மழை வந்தா கடையில என்ன பண்ணுவீங்க சார்?"

"மழை வந்தாலா? உடனே மூடிட்டு வீட்டுக்கு ஓடிடுவேம்மா. நனைஞ்சிடுவேன்ல."

எல்லோரும் அவரையே பார்த்தோம். சித்தப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "ஏன், என்ன?" என்றார். பிறகு அவராகவே, "அடடா" என்றார்.

மேடம் டீயை முழுவதும் குடித்துவிட்டு, கப்பைத் தானே சமையலறைக்குக் கொண்டுவந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அக்கா போறது பிடிக்கலையா?"

நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

"எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அவ என் செருப்ப ஒளிச்சு வச்சா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளியே போய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுவது அப்பா. அந்தக் கப்பின் அடியில் கரையாமல் கிடந்த உப்பைப் பார்த்தார். விரலால் கப்பைத் தட்டினார். என்னைப் பார்த்தார். நான் செத்தேன்.

"முழு டீ" என்றார். "முகம் சுளிக்கல. எங்க கம்பெனியில இந்த மாதிரி சோதனை பண்ணவே ஆள் கிடையாது." கப்பைக் கழுவிக் கவிழ்த்தார். "மூணாவது மாதிரி தேறிடுச்சு. இனிமே கலப்படம் பண்ணாத."

தேறிடுச்சாம். நான் போட்ட உப்பால்.

மார்ச் 24, திங்கள்

அக்கா முடிவு செய்துவிட்டாள். "பேருக்கு நாலு பாத்ரூம் குடுக்க முடியாது. பக்கத்துல இருக்குங்கறதுக்காக ரெண்டு வருஷம் கேன்டீன்ல உக்காரவும் முடியாது." ஒரு பாத்ரூம் அம்மா, அரை பாத்ரூம் அக்காவின் சம்பளச் சேமிப்பு.

அம்மா குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்து, "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

மழை. சித்தப்பா நனைந்துகொண்டே கடையில் நின்று பதினொரு குடை விற்றார். பன்னிரண்டாவதும் போய்விட்டதாம், அது அவருடையது. ஜலதோஷம்.

ஜூன் 29, ஞாயிறு

அக்காவை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

குறட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். டார்ச் வேண்டாம். பெரிய விளக்கையே போட்டுக்கொண்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போனேன்.

குழாய்க்காரன் செருமினான். திரும்பிப் படுத்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அப்போது அக்கா போன் செய்தாள்.

"தூங்கிட்டியா?"

"இல்ல. நீ?"

"இங்க ஒரு சத்தமும் இல்லடி. காது அடைச்ச மாதிரி இருக்கு. கண்ண மூடினா பயமா இருக்கு. சிரிக்காத. போன கொஞ்சம் சுவர்கிட்ட வையேன்."

வைத்தேன். குழாய்க்காரன் இன்றைக்கென்று வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்தேன். இருட்டில், தனியாக. திரும்பி வந்து படுத்த பிறகுதான் அது உறைத்தது. அவன் நன்றாக, நீளமாகச் செருமினான்.

"அப்பாடா" என்றாள் அக்கா. கொட்டாவி விட்டாள். பாதித் தூக்கத்தில் கேட்டாள்: "ஏன், இன்னிக்கு எழுதலையா?"

"என்னது?"

"பேனா சத்தம் கேக்கலையே. தெனமும் பொய்க் குறட்டை விட்டுட்டு, அதக் கேட்டுக்கிட்டேதான தூங்குவேன்."

டார்ச்சைப் போட்டு, பேனாவை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். குறட்டை வந்துவிட்டது.