மாடியில் இல்லாத அறை

என் பூனைக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன், கடைசி வரை படித்துவிட்டுப் பதில் எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பக்கத்து வீட்டில் இன்னொரு தளம் எழுப்பிவிட்டார்கள், நம் சமையலறைக்கு இப்போது பகலிலும் விளக்கு வேண்டியிருக்கிறது. ஊர் வளர்கிற வேகத்தில், ஊர் வரைபடம் போடுகிற எங்கள் அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. விமானத்தில் படமெடுக்க வசதி கிடையாது, செயற்கைக்கோளிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற படத்தில் ஒரு வீடு ஒரு புள்ளிதான், அதனால் பெரிய பலூனில் சின்னக் கேமராவைக் கட்டிக் கயிற்றில் ஏற்றுகிறோம் என்று சொன்னேனே, ஊரையே காத்தாடி விட்டுப் பாக்கறியாம்மா என்று நீகூடச் சிரித்தாய். பழைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்து, புதிதாக முளைத்த கூரையைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடுவதுதான் என் வேலை.

போன மாதம் நம் தெருவின் படம் வந்தது. அதில் நம் மொட்டை மாடியில், நாம் கட்டவே கட்டாத ஓர் அறை இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, நீ நாற்காலி போட்டுப் படிப்பாயே, அந்த இடத்தில். பலூன்காரரிடம் காட்டினேன். காத்துல கேமரா ஆடினா இப்படி ஏதாவது ஒட்டிக்கும்க்கா, நிழல் இருக்கான்னு பாருங்க, நிழல் இல்லாட்டி கட்டடம் இல்ல என்றார். எங்கள் வழக்கமும் அதுதான், நிழலை வைத்துத்தான் உயரம் சொல்வோம். அந்த அறைக்கு நிழல் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா, பொண்ணு வர்றதுக்குள்ள ரூம் கட்டிட்டியா என்று கேலி பேசினார்.

இந்த மாதப் படத்தில் அறைக்கு நிழல் விழுந்திருக்கிறது. அதை ஒட்டி இன்னொரு மெல்லிய நிழல், உன்னைப் போலவே கொண்டையைத் தூக்கிக் கட்டி, ஒரு கையை இடுப்பில் வைத்து நிற்கிறது. நிழல்தான் இருக்கிறது, நிற்கிற ஆளைக் காணோம். கேமராக் கோளாறாக இருக்கட்டும் என்று செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன், அதிலும் நம் வீட்டுப் புள்ளி கறுத்திருக்கிறது. உச்சி வெயிலில் அப்பா வெறுங்காலோடு மாடிக்குப் போய்வந்தார். மேல ஒண்ணும் இல்ல, ஆனா அந்த எடத்துல மட்டும் கால் சுடல என்றார். அப்புறம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்தார்.

வேலை பாக்கற இந்த ஊர்லயே நிரந்தரமா இருக்கக் கையெழுத்துப் போடப்போறேம்மா, ஆனா பாதி நான் நம்ம வீட்லதான் இருக்கேன் என்று நீ போனில் சொன்னபோது எனக்கு இனித்தது. இப்போது அந்தப் பாதி என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நேற்று, நீ அனுப்பியிருந்த படத்தை எடுத்துப் பார்த்தேன், உன் அலுவலகப் படிக்கட்டில் தோழிகளோடு நிற்கிறாயே, அது. நல்ல வெயில். எல்லோருடைய நிழலும் படியில் மடங்கி விழுந்திருக்கிறது. உன் காலடியில் வெறும் வெள்ளைக் கல். பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துவிட்டேன், இதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

கண்ணே, அங்கே இருந்தாலும் சரி, இங்கே வந்தாலும் சரி, எனக்கு வருத்தமில்லை. எங்கே இருந்தாலும் முழுசாக இரு. வருவதென்றால் பூனை மாதிரி மாடி வழியாக வராதே, பெட்டியோடு வாசலுக்கு வா, நான் கதவைத் திறக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. அந்த அறையைச் சுற்றி நான் இன்னும் கோடு போடவில்லை. மேலதிகாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன் பதில் வரும்வரை போட மாட்டேன்.

எங்கள் இருவருடைய ஆசியும் உன் தலைமேல் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்ததும் வெயிலில் போய் நின்று, காலடியைக் குனிந்து பார். என்னைத் தேற்றுவதற்காகப் பொய் எழுதாதே.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா