தீவகக் கணித மன்றத்தின் மூன்று தீர்மானங்கள்

வாசிகசாலை,
ஊர்காவற்றுறை.
10.02.2025

மதிப்புக்குரிய தலைவர் கேதீஸ்வரி அவர்களுக்கு,

மன்றச் செயலாளர் ஞானசவுந்தரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உமது சுகமும், மகள் துஷாந்தினி, மருமகன், பேரன் சுகமும் அறிய ஆவல். கனடாவில் பனி முழங்கால் மட்டும் கொட்டிக் கிடக்கிறதாம் என்று நிலக்சனா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போம்.

தொலைபேசி இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பீர். மன்ற அலுவலைத் தொலைபேசியில் தொடங்கினால் நீர் உடனே பேரனைக் காட்டுகிறீர். அவனுடைய கன்னத்தைப் பார்த்தால் எனக்கு அலுவல் மறந்துபோகிறது. அதனால் எழுத்தில் தருகிறேன். இதைப் படமெடுத்து துஷாந்தினிக்கு அனுப்புவேன், அவ அச்சடித்து உமது கையில் தருவா.

முதலில் நடந்தவை. சங்கக்கடைப் பலகையில் மாதாமாதம் ஒட்டுகிற கணக்குக்கு மார்கழியில் பதினேழு பேர் விடை எழுதிப் போட்டார்கள். அதில் ஒருவர் மண்டைதீவில் நண்டு வலை போடுகிறவர். விடை சரி, செய்த வழி ஒருவருக்கும் விளங்கவில்லை. வந்து விளக்கும்படி கேட்டிருக்கிறோம். தை மாத உரை நடராசா மாஸ்ரர், பகா எண்களைப் பற்றி. ஒன்றரை மணித்தியாலம் பேசினார். டெனிஸ்ரன் எழும்பி மூன்றாவது வரியில் ஒரு பிழை பிடித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் நாலாவதாக 'முடிவிலி, இரண்டாம் பகுதி: தலைவர்' என்று வழமைபோல எழுதி, வழமைபோல ஒத்திவைத்தோம்.

இனி முக்கிய விடயம். உறுப்பினர் ஒன்பது பேராகக் குறைந்துவிட்டோம். மன்றத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று முடிவெடுக்காமல் இனித் தள்ள ஏலாது. மூன்று வழி முன்வைக்கப்பட்டது.

அ: யாழ்ப்பாண நகரத்துக் கணிதக் கழகத்தோடு அதன் கிளையாகச் சேர்வது. இது நடராசா மாஸ்ரரும் வேலணைக்காரர் இருவரும் கேட்பது.

ஆ: உரையும் விவாதமும் போதும் என்று விட்டு, சனிக்கிழமைகளில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவது. இது டெனிஸ்ரனும் அவருடைய பள்ளிக்கூட ஆசிரியர் இருவரும்.

இ: தலைவர் திரும்பி வரும்வரை ஒன்றையும் மாற்றாமல் இப்படியே இருப்பது. இதை முன்வைத்தது நெடுந்தீவுத் தபால்கந்தோர் வின்சன்ற். நிலக்சனாவும் ஆதரவு. மூன்றாவது ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றை ஒன்றாக வாக்குக்கு விட்டால் அடிபாடுதான், எதையும் இரண்டிரண்டாய் எடு என்று விதிப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் நீர். அதன்படி தை மாதம் அ-வையும் ஆ-வையும் எடுத்தோம். அ-வுக்கு ஆறு கை, ஆ-வுக்கு மூன்று. அடுத்த வாக்கெடுப்புக்கு நேரமில்லை. குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகு வின்சன்ற்றுக்காக நிற்காது. வென்றது வென்றதுதானே என்று மறுநாளே நகரத்துக் கழகத்துக்கு, நாங்கள் சேர்கிறோம் என்று எழுதிவிட்டேன். அவசரப்பட்டது என் பிழை.

மாசிக் கூட்டத்தில் வின்சன்ற் எழும்பி, மூன்றாவதைக் கேட்கவே இல்லையே என்றார். நியாயம். இ-யையும் அ-வையும் எடுத்தோம். இ-க்கு ஆறு, அ-வுக்கு மூன்று. இப்போது நகரத்துக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது.

பங்குனியோடு எல்லாம் நேராகிவிடும் என்று நம்புகிறேன். உமது அபிப்பிராயத்தை எழுதும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள
ஞானசவுந்தரி
(செயலாளர்)


ஊர்காவற்றுறை,
11.03.2025

அன்பும் மதிப்பும் மிக்க கேதீஸ்வரிக்கு,

என் கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தீர். அதற்குப் பிறகு ஒரு குரல் பதிவு: "எல்லாத்தையும் நீரே பாத்துச் செய்யும் ஞானம், நான் வாறன்தானே." நன்றி. ஆனால் பார்த்துச் செய்வதற்கு எனக்கு முதலில் ஏதாவது விளங்கவேண்டும்.

கூட்டம் எட்டாம் திகதி நடந்தது. டெனிஸ்ரன் கேட்டார்: வகுப்பு நகரத்திடம்தான் தோற்றது, காத்திருப்பதிடம் தோற்கவில்லையே, அதையும் பார்ப்போம் என்று. அதுவும் நியாயம். ஆ-வையும் இ-யையும் எடுத்தோம். ஆ-வுக்கு ஆறு, இ-க்கு மூன்று. எனக்கு மனம் கொஞ்சம் சுருங்கியது, மறைக்கவில்லை. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். இ அ-வை வென்றது, ஆ இ-யை வென்றது, ஆகவே ஆ எல்லாவற்றையும் வென்றது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி ஒன்பது பேரும் கையெழுத்து வைத்தோம். ஒன்பது பேரும் கணிதம் படித்தவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

அன்று பின்னேரமே பங்குச் சுவாமியாரிடம் போய், சனிக்கிழமைகளில் மண்டபம் தரவேண்டும் என்று கேட்டேன். மனிசன் சந்தோசத்தோடு சம்மதித்தார். பூசையின்போதே அறிவித்தும் விட்டார்! இன்றைக்குள் இருபத்திரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

நகரத்துக் கழகச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். உங்கள் தீவுப் பகுதியில் கணிதம் கவனிப்பாரில்லாமல் கிடக்கிறதே என்று கவலைப்பட்டார். டெனிஸ்ரனிடம் சொன்னேன். ஆடு நனையுது எண்டு ஓநாய் அழுததாம் என்றார். அந்தாள் ஓநாய் இல்லை, நல்ல மனிசன். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

இன்னொரு விடயம். உமது அண்ணை சரவணையிலிருந்து வந்தார். வீட்டு அலுமாரியில் உள்ள கணிதப் புத்தகங்களை எல்லாம் வாசிகசாலைக்குக் கொடுத்துவிடும்படி நீர் சொன்னதாகச் சொன்னார். ஓட்டோ நிறையக் கட்டி ஏற்றிக்கொண்டே வந்திருந்தார். தலைவர் வந்து பாவிக்கிற புத்தகம், இங்கே வைத்தால் கரையான் பிடிக்கும் என்று திருப்பி அனுப்பினேன். பாவம், வெயிலுக்குள் வந்த மனிசன். ஒரு தேத்தண்ணி கூடக் கொடுக்க மறந்துபோனேன். அவர் பிழையாக விளங்கிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்ளும். முழங்கால் நோவுக்கு அங்கே என்ன மருந்து தருகிறார்கள் என்று எழுதும்.

அன்புடன்,
ஞானசவுந்தரி
(செயலாளர்)


ஊர்காவற்றுறை,
22.04.2025

அன்புள்ள கேதீஸ்வரி,

உயிர்த்த ஞாயிறு நல்லபடி கழிந்தது. உங்கள் வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் சொல்லவும் தவறிவிட்டேன், மன்னியும். என் தலை என்னிடம் இல்லை.

பன்னிரண்டாம் திகதிக் கூட்டத்தில் போன மாதத் தீர்மானத்தை வாசித்தேன். வாசித்து முடியவில்லை, நடராசா மாஸ்ரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "பொறும் பிள்ளை, உந்த வகுப்பைத்தானே தையிலை நகரம் தோற்கடிச்சது?" என்றார். நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓம், ஆறுக்கு மூன்று. என் கையெழுத்து, அவருடைய கையெழுத்து. நகரம் வகுப்பை வென்றிருக்கிறது. காத்திருப்பது நகரத்தை வென்றிருக்கிறது. வகுப்பு காத்திருப்பதை வென்றிருக்கிறது. மூன்று தீர்மானமும் விதிப்படி எடுத்தது, மூன்றும் ஆறுக்கு மூன்று. பிறகு மாஸ்ரர்தான், "சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லைக்குள்ளை எண்ட கதையாப் போச்சு" என்று சொல்லிக் கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. யாரோ மாதத்துக்கு மாதம் கையை மாற்றுகிறார்கள் என்று வேலணைக்காரர் ஒருவர் சொன்னார். அது தனக்குத்தான் என்று வின்சன்ற் எடுத்துக்கொண்டார். கடல் தாண்டி வந்துபோகிற எனக்கு இதுவும் வேணும் என்று சொல்லி, படகுக்கு நேரம் இருக்கும்போதே எழும்பிப் போய்விட்டார். நண்டு வலைக்காரர் அன்றுதான் முதன்முதல் தன் கணக்கை விளக்க வந்திருந்தார். நாங்கள் சண்டை பிடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது பேரிடமும், முதலாவது விருப்பம் எது, இரண்டாவது எது, மூன்றாவது எது என்று துண்டுத் தாளில் எழுதி வாங்கினேன். வின்சன்ற்றின் துண்டு நெடுந்தீவிலிருந்து படகில் வந்தது. குசினி மேசையில் ஒன்பதையும் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததும் தெரியவில்லை.

ஒருவரும் கையை மாற்றவில்லை, கேதீஸ்வரி. மாஸ்ரர் பக்கத்து மூவருக்கும் முதலில் நகரம், பிறகு வகுப்பு, சும்மா இருப்பது மட்டும் கூடாது. டெனிஸ்ரன் பக்கத்து மூவருக்கும் முதலில் வகுப்பு, அது இல்லையென்றால் காத்திருப்பது, நகரத்துக்குள் கரைவது கடைசி. எங்கள் மூவருக்கும் முதலில் காத்திருப்பது, பிறகு நகரம், மன்றத்தை ரியூசன் கொட்டிலாக்குவது மட்டும் வேண்டாம். இரண்டிரண்டாய் நீரே எடுத்து எண்ணிப் பாரும். எப்படி எடுத்தாலும் ஆறுக்கு மூன்று, எப்படி எடுத்தாலும் வட்டம். ஒவ்வொருவரும் நேரான மனிசர்தான். ஒன்பது பேரையும் ஒன்றாகச் சேர்த்தால் எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்கே தெரியவில்லை.

நான் ஒருத்தி கையை மாற்றி நகரத்துக்கு உயர்த்தினால் என்ன என்றும் பார்த்தேன். அப்போதும் காத்திருப்பதுதான் நகரத்தை வெல்கிறது, ஐந்துக்கு நாலு. அதே வட்டம்.

இது புத்தகங்களில் உள்ள விடயம்தான் என்று டெனிஸ்ரன் தேடிப் பார்த்துச் சொன்னார். வருடக்கணக்காகப் பெரிய ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். இருந்து என்ன? கடைசியாக எதை வாக்குக்கு விடுகிறோமோ அதுதான் வெல்லும் என்று அதில் இருக்கிறது. எதைக் கடைசியாக விடுவது என்று தீர்மானிப்பது செயலாளர். அதாவது நான். நகரத்துக் கழகத்தார், பொறுத்தது போதும் என்று, அடுத்த கூட்டத்துக்கு, மே பத்தாம் திகதி, எங்களைக் கிளையாக வரவேற்க வருகிறார்கள். இந்த முறை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. அதே நாள் காலை சுவாமியாரின் மண்டபத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளும் வந்து இருப்பார்கள். வின்சன்ற் இனி வரவே மாட்டேன் என்கிறார். அன்றைக்கு ஏதாவது ஒன்றை நாங்கள் சொல்லாவிட்டால் மன்றம் முடிந்தது. பெயர்ப்பலகையைக் கழற்ற ஒரு ஆள் போதும்.

ஒரு கிழமையாக யோசித்து, நேற்று ஒன்று விளங்கியது. விளங்கியதும் எழுதாமல் விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன்.

நீர் வந்துவிட்டால், காத்திருக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது வழி போய்விடும். நீர் வரமாட்டீர் என்றாலும் காத்திருக்க ஒன்றும் இல்லை. அப்போதும் அது போய்விடும். பிறகு மிஞ்சுவது இரண்டு. இரண்டுக்குள் வட்டம் வராது. ஐந்து நிமிடத்தில் கை உயர்த்தி எண்ணி, தேத்தண்ணி குடித்துவிட்டு, வின்சன்ற்றும் படகைப் பிடிக்கலாம். நீர் "வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரைதான் நாங்கள் இப்படிச் சுற்றுகிறோம்.

மகளின் பேறுகாலம் பார்க்க மூன்று மாதம் என்று போனீர். முப்பத்திரண்டு மாதம் ஆகிறது. நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் நீர் பொய் சொல்லவேண்டி வரும் என்று பயம். அதைவிட, உண்மையைச் சொல்லிவிடுவீர் என்று பயம். மன்றத்துக்காகத்தான் இ-க்குக் கை உயர்த்தினேன் என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அது சரியான பதிவு இல்லை. கணித நிறுவல் ஒன்றை எழுதிவிட்டு, இது சரியா என்று காட்ட எனக்கு உம்மைத் தவிர ஆள் இல்லை. அதுதான் காரணம்.

துஷாந்தினியைக் குறை சொல்லவில்லை. அவவுக்கு நீர் வேண்டும். இரண்டாவதும் வரப்போகிறது என்று உமது அண்ணை வாய்தவறிச் சொன்னார். நல்ல விடயம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றும் விளங்குகிறது, கோபம் இல்லை.

பத்தாம் திகதிக்கு முன் ஒரு பதில் வேண்டும், கேதீஸ்வரி. கட்டைவிரல் வேண்டாம். பேரனைக் காட்டவும் வேண்டாம். வரமாட்டீர் என்றால் ஒரே ஒரு வரி எழுதும். நான் அழுவேன், அது என் பாடு. அழுது முடித்து, மூன்றாவது வழியைப் புத்தகத்தில் நானே வெட்டுவேன். வேறு ஒருவரையும் வெட்டவிடமாட்டேன். வருவீர் என்றால் எழுதவே வேண்டாம். வாரும்.

உமக்காக மாதாவிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். எதைக் கேட்பது என்றுதான் இப்போது தெரியவில்லை. அதனால் இவ்வளவு மட்டும்: உம்மை நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும், எங்கே வைத்திருந்தாலும்.

உம்முடைய
ஞானம்