நன்மை வாங்கப் போனது

9.1.94 ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இந்தக் கட்டிடமே காலியாகிவிடும். ஐந்து மாடியில் ஏழு தமிழ் வீடுகள், ஏழும் கத்தோலிக்க வேதக்காரர். படியில் சப்பாத்துச் சத்தம், ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. கீழ்வீட்டு இத்தாலியச் சிஞ்ஞோரா வானொலியைத் திருகினால் அதிலும் பூசைதான்.

குளித்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். கதவின் உட்பக்கம்தான் என் முருகன் படம். கும்பிட்டு முடித்துக் கதவைச் சாத்தினேன். ஒளித்து வைக்கச் சொல்லிப் புனிதமலர் ஒருநாளும் சொன்னதில்லை. சுவரில் இருதயநாதர், மடுமாதா, அந்தோனியார் என்று ஏற்கனவே நெருக்கம். இடமில்லை, அவ்வளவுதான்.

இது மலரும் அவள் புருஷன் அந்தோனிமுத்துவும் எடுத்த வீடு. ஓர் அறை எனக்கு. அறையைப் பிடித்துத் தந்தவர் கோயில் பங்குச் சபைத் தலைவர் கிறிகோரி அண்ணை. வக்கீல் வீட்டில் துடைக்கிற வேலையைப் பிடித்துத் தந்ததும் அவரே. இந்த ஊரில் தமிழருக்கு வேலை, அறை, பெர்மெஸ்ஸோ என்கிற விசா எதுவானாலும் பூசை முடிந்து கோயில் வாசலில்தான் கதை நடக்கும். வாசலில் நிற்காதவள் எல்லாவற்றையும் இரண்டு நாள் பிந்தித்தான் அறிவாள்.

அண்ணன் என்னை ஜேர்மனிக்கென்றுதான் அனுப்பினான். ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடம் இந்த இத்தாலி. நாலு வருஷம்.

16.1.94

யோசப்பின் என்கிற அக்காவின் மகனுக்குப் பிறந்தநாள். கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிற மனுசி. குரலும் பெரிது, மனமும் பெரிது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாருக்கும் ஆட்டிறைச்சிக் கறி. எனக்கு மட்டும் தனிக்கோப்பையில் பருப்பும் முட்டைக்கோவாவும். "குகா சைவம் எல்லே!"

நான் சைவம்தான். திருநீறு பூசுகிற சைவம். இறைச்சி என்றால் எலும்பையும் விட்டுவைக்காதவள். நாலு வருஷமாக இதைத் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் என்னை நினைத்துச் செய்கிற ஒரே காரியம் அந்தப் பருப்பு. அதையும் ஏன் கெடுக்க வேண்டும்?

17.2.94 வியாழன்

காலை ஏழு மணிக்கு மலருக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. அந்தோனிமுத்து ஹோட்டல் குசினியில் வேலைக்குப் போய்விட்டான். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். என் கையை நெரித்தபடியே மாதாவையும் அந்தோனியாரையும் கூப்பிட்டாள். நடுவில் ஒருக்கால் "அக்கா" என்றாள்.

ஒப்பரேஷன்தான். தாதி வந்து, "சொரெல்லா?" என்று கேட்டாள். சகோதரியா என்கிறாள். "சீ" என்றேன், ஆம் என்று. இத்தாலியனில் நான் யோசிக்காமல் சொன்ன முதல் பொய்.

பெம்பிளைப் பிள்ளை. தகப்பனுக்கு முதல் நான் தூக்கினேன்.

2.3.94

மரியா என்று பேர் வைக்கப் போகிறார்களாம். நான் குஞ்சு என்றுதான் கூப்பிடுகிறேன். வேலையால் வந்து கை கழுவி முடிக்க முன்னமே என்னிடம் நீட்டிவிடுகிறாள் மலர். நான் பாடினால் குஞ்சு அழுகையை நிறுத்துகிறது. எங்கள் ஊர் கொக்குவிலில் என் பாட்டுக்கு நாய்தான் எழும்பிப் போகும்.

8.3.94

"உன்னைத்தான் அக்கா ஞானத்தாயா வைக்க விருப்பம். ஆனா ஏலாது" என்றாள் மலர்.

"தெரியும்" என்றேன். தெரியாது. ஞானஸ்நானத்துக்கு நிற்கிற ஞானத்தாயும் வேதக்காரியாக இருக்க வேண்டுமென்று நான் யோசித்ததேயில்லை. யோசப்பின் அக்காதான் நிற்பாவாம். குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் நல்ல சாட்டு.

13.3.94 ஞாயிறு

மலருக்கு இன்னும் தையல் வலி, படி இறங்க முடியவில்லை. நேற்று முழுக்க ஒரே முனகல்: "நான் நன்மை வாங்கி ஒரு மாசம் ஆகுது அக்கா." நன்மை வாங்குவதென்றால் பூசையில் சற்பிரசாதம், அந்த வெள்ளை அப்பத் துண்டு, வாங்குவது. அவர்களுடைய சொல் அது, எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஞானஸ்நானத்துக்குத் திகதி கேட்டு ஒரு கடிதம் எழுதி, சுவாமியிடம் கொடுக்கச் சொன்னாள். சுவாமி என்றால் இவர்களுக்குப் பாதிரியார். எங்களுக்கு வேறு.

அதனால் நாலு வருஷத்தில் முதல் முறையாகப் பூசைக்குப் போனேன். கடைசி வாங்கில் இருந்தேன். பாட்டுத் தொடங்க, வரிசை வரிசையாக எழும்பிப் போனார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி வழிவிட்டு நின்று என்னைப் பார்த்தா. நான் எழும்பினேன். மலருக்கு வாங்கிக்கொண்டு போகலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வீட்டில் வருத்தக்காரர் இருந்தால் கோயிலுக்குப் போனவள் பிரசாதம் கொண்டுவர மாட்டாளா?

என் வரிசைக்குக் கொடுத்தவர் ஒரு இத்தாலியப் பாதிரியார், என்னைத் தெரியாது. ஏதோ சொன்னார். நான் வலது கையை ஏந்தி "கிறாசியே", நன்றி என்றேன். மனுசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் ஒற்றி, தோய்த்துக் காய்ந்த என் வெள்ளைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தோஷமாக இருந்தது. கடிதத்தைக் கொடுக்க மறந்துபோனேன்.

லேஞ்சியை விரித்ததும் மலரின் முகம் வெளுத்துப் போனது.

"நீ அங்கையே சாப்பிடேல்லையோ?"

"எனக்கேன்? உனக்கெண்டுதான் வாங்கினனான்."

என் சால்வையை எடுத்து முக்காடு போட்டாள். தையலோடு முழங்காலில் நின்றாள். சிலுவை போட்டு, கையால் தொடாமல், லேஞ்சியிலிருந்து நாக்கால் எடுத்தாள். லேஞ்சியை அலசி, அந்தத் தண்ணீரைப் பூச்சாடி மண்ணில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

"ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை அக்கா."

என்ன பிழை செய்தேன் என்று அப்போதும் விளங்கவில்லை.

15.3.94 செவ்வாய்

விளங்கியது.

வேலையால் வர, முன்னறையில் கிறிகோரி அண்ணையும் யோசப்பின் அக்காவும். பாட்டுக்குழுவில் நின்றபடி அவ எல்லாவற்றையும் பார்த்திருக்கிறா. மலர் பிள்ளையோடு ஒரு கதிரையில், அந்தோனிமுத்து வாசலில்.

"தங்கச்சி, நீங்கள் வாங்கினது என்னெண்டு தெரியுமோ?" கிறிகோரி அண்ணை அமைதியாகத்தான் கேட்டார்.

"சற்பிரசாதம்."

"தெரிஞ்சுகொண்டோ லேஞ்சியிலை சுத்தினனீங்கள்?"

"பிரசாதத்தை வருத்தக்காரருக்குக் கொண்டு போறதுதானே அண்ணை."

"ஐயோ ஆண்டவரே!" யோசப்பின் அக்கா நெஞ்சில் கை வைத்தா. "அது பிரசாதம் இல்லை, அவர்! ஆண்டவற்றை உடம்பு! இப்ப அது எங்கை? அறைக்குள்ளை வைச்சு என்னென்ன செய்தவவோ ஆருக்குத் தெரியும்."

நான் மலரைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். "நான்தான் வாங்கினன்" என்று ஒரு சொல். அவள் பிள்ளையின் காலுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள், திரும்பக் கழற்றினாள்.

"நான் சாப்பிட்டுட்டன்" என்றேன்.

பிறகு யோசப்பின் அக்கா சொன்னா: பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, அதுவரைக்கும் இவ பிள்ளையைத் தூக்காமல் இருக்கிறது நல்லம் என்று. கிறிகோரி அண்ணை நிலத்தைப் பார்த்தார். அந்தோனிமுத்து தலையாட்டினான். மலர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏனடி? வாயிலை என்ன கொழுக்கட்டையோ? நான் என்னடி செய்தனான் உனக்கு?

16.3.94

பகலில் யோசப்பின் அக்கா வந்து பிள்ளையைப் பார்க்கிறா. நான் வரும்போது மலர் பிள்ளையோடு அறைக்குள், கதவு சாத்தியிருக்கும்.

19.3.94

குஞ்சு அழுகிறது. சுவர் இவ்வளவு மெல்லியது என்று இன்றுதான் தெரியும்.

20.3.94

பஸ்ஸில் இரண்டு தமிழ்ப் பெண்கள். எனக்குப் பக்கத்து இருக்கை காலி. நின்றபடியே சீசா தரிப்பிடம் வரைக்கும் வந்தார்கள்.

25.3.94

பல்லரோச் சந்தையில் மீன் வாங்கப் போனேன். மீன்காரன் "சிஞ்ஞோரா, இன்றைக்குத் தனியாகவா?" என்று கேட்டான். எப்போதும் மலரோடுதான் போவேன். "சீ" என்றேன். ஒரு கிழமையில் நான் வேலைக்கு வெளியே வாய் திறந்து கதைத்தது அந்த ஒரு சொல். வீட்டுக்கு வந்து முருகனோடு கதைக்கலாமென்று அலுமாரியைத் திறந்தேன். அவரோடும் எனக்குக் கதை ஒன்றும் இல்லை.

4.4.94 திங்கள்

நேற்று உயிர்த்த ஞாயிறு. இன்று கிறிகோரி அண்ணை என்னைத் தேடி வந்தார், கேக் துண்டோடு. நல்ல மனுசன், அதுதான் பிரச்சினை.

"தங்கச்சி, சனம் மறக்கிறதுக்கு ஒரு வழிதான் இருக்கு. வைகாசியிலை ஞானோபதேச வகுப்புத் தொடங்குது. சேருங்கோ. பிறகு உங்களை ஆர் என்ன கேக்கிறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். படிவத்தை வைத்துவிட்டுப் போனார்.

6.4.94

படிவத்தில் பேர் எழுதினேன். குகனேஸ்வரி. அடுத்த வரி: "ஏன் சேர விரும்புகிறீர்?" உண்மையை எழுதுவதென்றால் "பிள்ளையைத் தூக்க" என்று எழுத வேண்டும். இதற்காக ஒருத்தி சாமி மாறுவாளா? நான் மாறுவேன் போலத்தான் இருந்தது. அதுதான் பயம். நாலு வருஷம் தனியே இருந்தவளை எதற்கும் சம்மதிக்க வைக்கலாம்.

14.4.94

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "அண்ணை, எனக்கு உங்கடை ஆண்டவரிலை கோவம் ஒண்டும் இல்லை. ஆனா பொய் சொல்லிக்கொண்டு அவரிட்டை வர ஏலாது." வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. அதற்காகவாவது அவரை மெச்ச வேண்டும்.

24.4.94

அந்தோனிமுத்து குசினியில் என்னிடம் கதைத்தான், ஒரு மாதத்துக்குப் பிறகு. மலர் திரும்பவும் பூசைக்குப் போகிறாள், ஆனால் மூன்று கிழமையாக நன்மை வாங்க எழும்புவதில்லையாம். வாங்கில் அப்படியே இருக்கிறாளாம். சனம் அவனைக் கேட்கிறதாம், உன்ரை மனுசி என்ன பாவம் செய்தவ என்று.

"என்னட்டைச் சொல்லுறாள் இல்லை. உங்களிட்டைச் சொன்னவளோ அக்கா?"

என்னோடு கதைத்தால்தானே சொல்ல. "இல்லை" என்றேன்.

8.5.94 ஞாயிறு

பூசை முடிந்து ஒரு மணிக்கு என் கதவு தட்டுப்பட்டது. மலர், கையில் குஞ்சு. சாறிகூட மாற்றவில்லை.

"சொல்லிப்போட்டன் அக்கா."

"என்னத்தை?"

"அறிவித்தல் வாசிச்சு முடிய எழும்பி நிண்டு சொன்னன். லேஞ்சியிலை வந்ததை நான்தான் வாங்கினனான், அக்கா எனக்காகப் பொய் சொன்னவ எண்டு. பொய் சொன்ன வாயாலை என்னெண்டு நன்மை வாங்கிறது? எனக்கு ஏலாமல் போச்சு."

"நீ எங்கை பொய் சொன்னனீ? நீ வாயே திறக்கேல்லையே."

"அதுதான்" என்றாள்.

யோசப்பின் அக்கா எழும்பி வெளியே போய்விட்டாவாம். அவ பின்னால் பாட்டுக்குழு. வாசலில் ஒருவரும் இவளோடு கதைக்கவில்லையாம்.

இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்த ஏச்சு முழுவதும் தயாராக இருந்தது. "பிடி அக்கா" என்று பிள்ளையைத் தந்தாள். நல்ல பாரம் வைத்துவிட்டது. தலை நிற்கிறது. நான் இல்லாமலே நின்றுவிட்டது.

29.5.94 ஞாயிறு

இன்று குஞ்சுக்கு ஞானஸ்நானம்.

அறுபது பேருக்குச் சமைத்தோம். வந்தது எட்டுப் பேர். யோசப்பின் அக்காவுக்குத் தலையிடியாம். பாட்டுக்குழு முழுவதுக்கும் ஒரே நாளில் தலையிடி. ஞானத்தகப்பனாக அந்தோனிமுத்துவின் ஒன்றுவிட்ட தம்பி ஸ்ரீபன் நின்றான். ஞானத்தாய்க்கு ஆள் இல்லை. ஒருவர் நின்றால் போதும், ஒரு குறையும் இல்லை என்றார் சுவாமி.

நான் மூன்றாவது வாங்கில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். தலையில் தண்ணீர் விழக் குஞ்சு வீரிட்டு அழுதது. மலர் சுற்றிச் சுற்றித் துவாயைத் தேடினாள். அது என் பையில் இருந்தது. எழும்பலாமா, கூடாதா? போன முறை எழும்பினதற்குப் பட்டது போதும். அப்படியே இருந்தேன்.

சுவாமி திரும்பினார். "பிள்ளை, துவாயைக் கொண்டு வாங்கோவன். குழந்தை நடுங்குதெல்லே."

போனேன். ஞானத்தாய் நிற்க வேண்டிய பக்கம்தான் காலியாக இருந்தது, அங்கே நின்று துடைத்தேன். தலை, காது மடல், கழுத்து மடிப்பு. துடைத்து முடிந்தும் ஒருவரும் என்னைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. முடியும்வரை அங்கேயே நின்றேன். கிறிகோரி அண்ணை கடைசியில் தூணோடு நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

மண்டபத்தில் வெறும் கதிரைகளுக்கு நடுவில் மலர் அழுதாள். "ஒருத்தரும் வரேல்லை அக்கா. இனி வாசலிலை ஆர் என்னோடை கதைக்கப் போயினம்?"

அது எப்படி இருக்குமென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளைக் கட்டிப்பிடித்தேன். எனக்காகத்தான் இத்தனை பேரையும் இழந்து நிற்கிறாள். நானும் அழுதிருக்க வேண்டும். சந்தோஷப்படக் கூடாத நாள்.

சந்தோஷப்பட்டேன்.