அம்மா அழுததாக ஒரு வரி

ஆகஸ்ட் 3

சுண்டெலிக்கு,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை.

உங்கள் ஊரில் இருக்கிற சித்தி உங்கள் பள்ளி ஆண்டு மலரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினேழாம் பக்கத்தில் உன் பெயர், பன்னிரண்டாம் வகுப்பு, இலக்கியப் பிரிவு. அதற்குக் கீழே நான் உனக்கு எழுதிய கடிதம்! உன் அம்மா மருந்துக்கடையில் அல்லவா நிற்கிறார்? எப்போதடி தையல்காரி ஆனார்?

அப்பா வீட்டை விட்டுப் போனது சித்திக்குக்கூடத் தெரியாது. வெளியூர் வேலை என்றுதான் அம்மா சொல்லி வைத்திருந்தாள். “தையல் மேஜையில சாக்பீஸால ‘தேட வேண்டாம்’னு எழுதிட்டுப் புருஷன் போயிட்டானாமே. இவ சிநேகிதி வீட்டுல ஏது தையல் மேஜை? இது உங்க வீட்டுக் கதைதானே?” என்று சித்தி கேட்டாள். அம்மா மிஷினை நிறுத்தினாள். “யார்கிட்ட சொன்ன?” என்று என்னைக் கேட்டதுதான். மூன்று நாளாகப் பேச்சில்லை.

உனக்கு மட்டும்தான் எழுதினேன். நீ ஊருக்கே வாசித்துக் காட்டிவிட்டாய்.

நெட்டை


ஆகஸ்ட் 11

அன்புள்ள நெட்டைக்கு,

நீ போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன்.

‘எங்கள் வீட்டில் ஒரு நாள்’ என்று கட்டுரை கேட்டார்கள். எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும் ‘உயிர் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார் டீச்சர். உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தபோது முப்பத்திரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். இதில் என்ன கேவலம்?

கேவலம் எனக்குத்தான். காய்கறிக் கடையில் என் அப்பாவைப் பார்த்து ஒருவர், “எப்ப சார் திரும்பி வந்தீங்க?” என்று கேட்டிருக்கிறார். அப்பா இன்னும் என்னை முறைக்கிறார்.

ஒரே வகுப்பில் இருந்த நாலு வருடமும் யார் நோட்டைப் பார்த்து எழுதினாய்? உன் பிழைகளையெல்லாம் நான்தான் திருத்தினேன். அந்தக் கட்டுரையில் என் எழுத்தும் இருக்கிறது.

சுண்டெலி


ஆகஸ்ட் 19

சுண்டெலிக்கு,

இருக்கிறது. ஒரே ஒரு வரி. ‘அம்மா மேஜைமேல் கவிழ்ந்து கதறி அழுதாள்.’

என் அம்மா அழவில்லை. ஈரத்துணியால் அந்த எழுத்தைத் துடைத்தாள். அதே மேஜையில் யாரோ ஒரு பிள்ளையின் யூனிஃபார்ம் துணியை விரித்து, அளவு பிசகாமல் வெட்டினாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தைத்தான் உனக்கு எழுதினேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுகையைச் சேர்த்திருக்கிறாய்!

நான் வணிகவியல் படிக்கிறவள், எனக்கு இலக்கியம் தெரியாது. நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தை வாசித்துப் பொருள் எழுதுகிற உனக்கு ஒரு கடிதம் புரியவில்லையா? திருடியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் அம்மாவை ஏன் அழவைத்தாய்?

நெட்டை


செப்டம்பர் 2

அன்புள்ள நெட்டைக்கு,

அந்தக் கட்டுரை என்னுடையது இல்லை என்று இன்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். “அப்ப இதுல உன்னோடது எது?” என்று டீச்சர் கேட்டார். அந்த அழுகை வரியை வாசித்தேன். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். “இனிமே நீ எழுதிக் குடுக்கறத எப்படிம்மா நம்பறது?” என்று மட்டும் கேட்டார். கட்டுரைக்குப் பூஜ்யம். அடுத்த மலரில் வருத்தம் தெரிவிப்பார்களாம். வேண்டாம், அது வந்தால் இன்னும் நாலு பேர் தேடிப் படிப்பார்கள் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

துணி வெட்டிய இடம் எனக்கு அப்போது புரியவில்லை. புரியாததால்தான் அதை நீக்கினேன். இப்போது அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது. அம்மா பேசினார்களா? நீ எப்படி இருக்கிறாய்? ஒன்றையும் மறைக்காமல் எழுது.

உன் சுண்டெலி


செப்டம்பர் 14

அன்புள்ள தோழிக்கு,

நலம். அம்மாவும் நலம். இங்கே நல்ல மழை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வேறு விசேஷம் இல்லை.

இந்தக் கடிதத்தை நீ எந்த மலரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன்னோடு முன்பு படித்தவள்