இரண்டாம் வகை

மார்ச் 4

என் லாரிக்காரருக்கு,

நலம். அப்படி ஆரம்பிக்காவிட்டால் கடிதமே ஓடாது என்பதால் எழுதினேன். ஆறு வருடமாக மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியே தெரியவில்லை என்கிறது மெஷின். உடம்பின் எதிர்ப்புச் சக்தி மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. சலவைக் கடையில் நானும் நான் தேய்க்கிற போர்வையும் ஒரே எடை.

டாக்டரம்மா வேறொரு பரிசோதனைப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்த்தார். மூன்று கோடு விழுந்தது. ஒன்று, பட்டை வேலை செய்கிறது என்பதற்கு. மற்ற இரண்டும் கிருமியின் இரண்டு வகைக்கு. "ரெண்டும் இருக்கலாம்மா. இல்லேன்னா ஒண்ணோட சாயலுக்கே ரெண்டு கோடும் விழுந்திருக்கலாம். பெரிய லேப்புலதான் பிரிச்சுச் சொல்லுவாங்க" என்றார். இரண்டாம் வகைக்கு என் மாத்திரை கேட்காதாம்; அந்த மெஷினுக்கு அதை எண்ணவும் தெரியாதாம். எண்ணத் தெரியாததிடம் இத்தனை நாள் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன், பாருங்கள்!

உங்கள் ரத்தத்தையும் பார்க்க வேண்டுமாம். நீங்கள் இருக்கிற ஊரிலேயே கொடுங்கள். ஊசிக்குப் பயந்து லாரிக்கு அடியில் ஒளியாதீர்கள்.

மகள் உங்கள் தோளுக்கு வந்திருப்பாள். பக்கத்தில் நிறுத்திப் பார்க்கத்தான் தோள் இல்லை.

உங்கள் வாயாடி


மார்ச் 15

வாயாடிக்கு,

ரத்தம் கொடுத்துவிட்டேன். ரிப்போர்ட் உன் டாக்டருக்கே வரும். உனக்கு நோய் கொடுத்தவன் என்றுதான் ஆறு வருடத்துக்கு முன் வீட்டை விட்டு இறங்கினேன். இப்போது ஒன்றல்ல, இரண்டா? எந்த முகத்தோடு வருவேன்? ஷெட்டுக்கு மேலே என் அறை. உன் பேச்சுச் சத்தம் இல்லாமல் சோறு இறங்குவதில்லை.

பாவி


ஏப்ரல் 9

பாவி அல்லாதவருக்கு,

இரண்டு ரிப்போர்ட்டும் வந்துவிட்டன. உங்களிடம் முதல் வகை மட்டும். என்னிடம் இரண்டாம் வகை மட்டும். இன்னொரு கோடு வெறும் சாயல்தான். டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது அவர்கிட்டேர்ந்து வந்ததே இல்லம்மா" என்றார். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள்.

நீங்கள் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. அதுசரி, ஒரு குடையைத் தவிர என்றைக்குத்தான் எதைக் கொடுத்தீர்கள்! என் மாத்திரையை மாற்றிவிட்டார்கள். அழுதது போதும், முதல் பஸ்ஸில் ஏறுங்கள்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 20

கடிதம் கிடைத்தது.

அப்படியென்றால், யாரிடமிருந்து?


மே 2

லாரிக்காரருக்கு,

டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். அவருக்குப் பதில் சொன்னேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

உங்கள் லாரி எங்கெங்கே நின்றது என்று ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்டால் நீங்கள் திரும்பி வரவே மாட்டீர்களோ என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நான்! வாயைப் பொத்திக்கொண்டு!

புது மாத்திரையில் பசி எடுக்கிறது. வராதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. வாருங்கள் என்று எழுதவும் ஓடவில்லை. இனி கடிதத்தை மகள் பெயருக்கே போடுங்கள். அப்பாவிடம் சொல்ல அவளுக்கு நிறைய இருக்கிறது.

உங்கள் மகளின் அம்மா